என்ன சொல்லிக் கூப்பிடுவது

1981 பிப்ரவரி. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக ஒரு வாத்தியார் திருநின்றவூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். மடியில் அட்டை, அட்டையில் நீளமான படிவம், சட்டைப் பையில் இரண்டு பேனா. அம்மா கதவோரம் நின்று பதில் சொன்னாள். எத்தனை பேர், யாருக்கு என்ன வயது, யாருக்கு எழுதப் படிக்கத் தெரியும், எல்லாம் சொல்லியாயிற்று. "வீட்டுக்காரர் பேரும்மா?" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கு எட்டு வயது. நான் சொன்னேன். வாத்தியார் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். அவருக்கு அது பழகிப்போன விஷயம். எங்கள் தெருவில் அன்று எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள்தான் அப்பா பெயரைச் சொல்லியிருப்பார்கள்.

புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறைந்துவிடும் என்பாள் ஆயா. அப்பாவும் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "இந்தா", "ஏய்", "யாரு உள்ள?" அவ்வளவுதான். அம்மாவுக்கு "ஏங்க", "இதப் பாருங்க". கோபம் என்றால் அதுவும் கிடையாது, பாத்திரத்தைக் கொஞ்சம் ஓங்கி வைப்பாள். மரியாதை இல்லாத வீடு என்று சொல்ல மாட்டேன். அப்பா சாப்பிடும் முன் அம்மா சாப்பிட்டதில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் அப்பா ஆவடிக்கு ஷிப்டுக்குப் போகாமல் நின்றுவிடுவார். ஆனால் 'நீங்க சொன்னது எனக்கு மனசு வலிச்சுது' என்று ஒருவர் சொல்லி மற்றவர் கேட்டுக்கொள்ளும் பழக்கம் அங்கே இல்லை. எங்கள் வீட்டில் மட்டுமல்ல, எனக்குத் தெரிந்த எந்த வீட்டிலும் இல்லை.

அந்த வருஷம் ஆடி மாதம் இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. பதினோரு நாள். அத்தை கல்யாணத்துக்காக அம்மாவின் வளையல் அடகுக்குப் போன விவகாரம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அந்தப் பதினோரு நாளும் நான்தான் தூது. "உங்கப்பாவ சாப்பிட வரச் சொல்லு" என்பாள் அம்மா. அப்பா இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். நான் திரும்பி, "அப்பா, சாப்பிட வரணுமாம்" என்பேன். "பசிக்கலன்னு சொல்லு." அதையும் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். மூன்று பேரும் ஒரே அறையில். அவர்கள் காதில் ஏற்கெனவே விழுந்துவிட்ட சொல்லைத்தான் நான் மறுபடி சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் நானாகவே கொஞ்சம் மாற்றினேன். அம்மா "வரச் சொல்லு" என்றதை, "அம்மா கூப்பிடுறாங்க, வாங்கப்பா" என்று சொன்னேன். அப்பா எழுந்து வந்து இலை முன்னால் உட்கார்ந்தார். பேச்சு மட்டும் வரவில்லை.

என் தூது வேலைக்கு ஊரிலேயே முன்னோடி உண்டு. திருநின்றவூர் என்ற பெயரே ஒரு சண்டையில் பிறந்தது. திரு என்றால் மகாலட்சுமி. வைகுண்டத்தில் பெருமாளோடு மனத்தாங்கல் வந்து, கோபித்துக்கொண்டு இறங்கி வந்து அவள் நின்ற இடம் இது என்கிறது தலபுராணம். அவளைச் சமாதானப்படுத்தி அழைத்து வரச் சொல்லிச் சமுத்திரராஜனை அனுப்பினாராம் பெருமாள். பாற்கடலில் பிறந்தவள் அவள். உறவுமுறை பார்த்தால் சமுத்திரராஜன்தான் தகப்பன். அவன் வந்து "மகளே, திரும்பி வா" என்று சொல்லியிருக்கலாம், அதட்டியிருக்கலாம். அவன் கூப்பிட்டது "என்னைப் பெற்ற தாயே" என்று. தகப்பன் முறையில் இருந்தவன் தன் மகளைத் தாய் என்று கூப்பிட்டான். பக்தவத்சலப் பெருமாள் கோயிலில் தாயாருக்கு இன்றைக்கும் அதுதான் பெயர்: என்னைப் பெற்ற தாயார். நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் தாயார்களுக்கு எத்தனையோ அழகான பெயர்கள். எங்கள் ஊர்த் தாயாருக்கு, கோபத்தில் இருந்தவளை ஒருவன் கூப்பிட்ட சொல்லே பெயராக நின்றுவிட்டது.

ஊரில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் அவசரத்தில் விட்டுவிடும் ஒரு பகுதி உண்டு. அந்த அழைப்பில் தாயார் உருகினாளே தவிர, கிளம்பவில்லை. தூதன் திரும்பிப் போய், நீங்களே வந்தால்தான் ஆகும் என்று பெருமாளிடம் சொன்னான். நீ முன்னால் போ, நான் பின்னால் வருகிறேன் என்று பெருமாளே கிளம்பி வந்தார். அதன் பிறகுதான் கோபம் தணிந்தது. சண்டை போட்டவர் தானே நடந்து வர வேண்டியிருந்தது.

தாயாரும் வாய் மூடி இருந்தவள் அல்ல. திருமங்கையாழ்வார் ஒருமுறை இந்த ஊரைப் பாடாமல் கடந்து போய்விட்டாராம். ஒரு பாட்டு வாங்கி வாருங்கள் என்று பெருமாளை அனுப்பினாள். அதற்குள் ஆழ்வார் திருக்கடல்மல்லைக்கு, அதாவது மாமல்லபுரத்துக்குப் போயிருந்தார். அங்கே ஒன்று பாடிக் கொடுத்தார். பெருமாள் அதைக் கொண்டுவந்து கொடுத்தபோது, மற்ற ஊர்களுக்கெல்லாம் பத்துப் பத்தாகப் பாட்டு, நமக்கு ஒன்றுதானா என்று கேட்டு மறுபடி அனுப்பினாள். ஆழ்வார் திருக்கண்ணமங்கையில் இருந்தபடி இன்னொன்று பாடினார். எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். தனக்கு வேண்டியதை வாய் திறந்து கேட்ட பெண் அவள், அதுவும் இரண்டு தடவை. அந்தத் தாயாரை வெள்ளிக்கிழமை தவறாமல் சேவித்த என் அம்மா, தனக்கு வளையல் திரும்ப வேண்டும் என்று ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

இன்றைக்கு அதே தெருவில் கல்யாணமாகி வந்திருக்கும் பெண்கள் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். வாடா போடாவும் உண்டு. முதலில் எனக்கும் திக்கென்றுதான் இருந்தது. பழகப் பழக, அந்த வீடுகளில் பெண் நினைப்பது இன்னதென்று புருஷனுக்குத் தெரிந்திருப்பதைப் பார்த்தேன். "இன்னிக்கு என்னால முடியல, நீ தோசை ஊத்து" என்கிறாள் பக்கத்து வீட்டுப் பெண். அவன் ஊற்றுகிறான். என் அம்மா முடியவில்லை என்ற சொல்லை உச்சரித்தே நான் கேட்டதில்லை. இது நல்ல மாற்றம் என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிடும் உரிமை வந்துவிட்டதாலேயே பேச்சு திறந்துவிடுவதில்லை. அதே வீட்டில் சண்டை வந்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். முன்பு ஒருவர் குரல்தான் தெருவுக்குக் கேட்கும். இப்போது இரண்டும் கேட்கிறது. கேட்பதற்கு ஆள் அங்கே இல்லை.

கூப்பிடும் சொல் என்றால் வீட்டோடு முடிகிற விஷயமா? எங்கள் ஊர் ஈசா ஏரிக்குக் கீழே நெல் விளைந்த காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அறுப்புக்கு வந்த ஒரு பெரியவர், என் தாத்தா வயது இருக்கும். என்னோடு படித்த பையன், நிலக்காரர் வீட்டுப் பிள்ளை, வரப்பில் நின்றுகொண்டு அவரை "டேய், இங்க வாடா" என்று கூப்பிட்டான். அவர் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "சொல்லுங்க சின்னய்யா" என்று வந்தார். எனக்கு அன்று அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து காதில் விழுந்துகொண்டிருந்த பேச்சு அது. இன்றைக்கு அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது. அந்தப் பெரியவருக்கும் அந்த வீட்டுக்கும் இடையே என்ன பேச்சுவார்த்தை நடந்திருக்க முடியும்? கூலி போதவில்லை என்பதை அவர் எந்த வாக்கியத்தில் சொல்லியிருப்பார்? அவருடைய மொழியில் கேள்விக்குறியே வைக்க முடியாதபடி அந்த முதல் 'டேய்' செய்துவிடுகிறது.

இந்த ஒருமையை எதிர்த்து இந்த மண்ணில் ஒரு இயக்கமே நடந்தது. சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடியது. திருவள்ளூர் மாவட்டம் 1997-இல் பிரியும்வரை நாங்களும் செங்கல்பட்டுக்காரர்கள்தான். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். பெரியார் தன்னைவிட மிக இளையவர்களையும் "வாங்க, போங்க" என்றே பேசுவார் என்பதைப் பழகியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். 1967-இல் அண்ணா முதல்வரான பிறகு அரசு ஏடுகளில் ஸ்ரீயும் ஸ்ரீமதியும் போய்த் திரு, திருமதி வந்தன. எங்கள் ஊர்ப் பெயரின் முதல் சொல்லும் அதுதான். பேச்சுவழக்கில் தின்னனூர் என்று அந்தத் திருவை நாங்களே தேய்த்துவிட்டோம், வெள்ளைக்காரன் காலத்து ரயில்வேயும் அப்படியே எழுதி வைத்துக்கொண்டது.

போன வருஷம் அம்மாவுக்கு ஸ்கேன் எடுக்கப் போயிருந்தோம். அங்கே டெக்னீஷியனாக இருந்த இளைஞர் அந்த அறுப்புக்காரப் பெரியவரின் பேரன். "உள்ள வாங்கம்மா, பயப்படாதீங்க" என்றார். அம்மா அவரிடம், "தம்பி, நீங்க சொன்னா சரி" என்றாள். தாத்தாவை யார் எப்படிக் கூப்பிட்டார்கள் என்பது அம்மாவுக்குத் தெரியும். நாற்பது வருஷத்தில் எங்கள் ஊர் கடந்துவந்த தூரத்தை அந்த 'நீங்க'வில் கேட்டேன்.

ஆனால் விட்ட இடத்தில் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டோம். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் கட்டட வேலைக்கும் வந்து, எங்கள் பக்கம் ஒரு அறைக்கு ஆறு பேர் எட்டுப் பேராகத் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களை நாம் எப்படிக் கூப்பிடுகிறோம்? எங்கள் வீட்டு மாடி கட்டும்போது ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன் வேலை செய்தான். தமிழ் வேகமாகக் கற்றுக்கொண்டான். ஒருநாள் அம்மாவிடம் வந்து, "பாட்டி, தண்ணி குடு" என்றான். மேஸ்திரிக்குக் கோபம் வந்துவிட்டது, மரியாதை தெரியாதா என்று கத்தினார். அம்மாதான் தடுத்தாள். "அவனுக்கு யாரு 'குடுங்க'ன்னு சொன்னீங்க, அவனுக்குத் தெரியறதுக்கு?" என்றாள். உண்மை. அவன் காதில் விழுந்த தமிழ் முழுக்க வா, போ, எடு, தூக்கு. நாம் கொடுத்ததைத்தான் அவன் திருப்பிக் கொடுத்தான். அம்மா தண்ணீர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே "குடுங்க பாட்டி, சொல்லுங்க" என்றாள். அந்தச் 'சொல்லுங்க'வில் அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். அன்றிலிருந்து அவன் எங்கள் வீட்டில் எல்லோரிடமும், எங்கள் வீட்டு நாய் உட்பட, 'ங்க' போட்டுத்தான் பேசினான்.

ரயில் பேச்சைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், நான் கொஞ்சமாகச் சொல்லிக்கொள்கிறேன். 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் எங்கள் ஊர் வழியாகத்தான் போனது. நான் மூர்மார்க்கெட்டுக்கு சீசன் டிக்கெட்டில் போய்வந்த இருபது வருஷத்தில், நெமிலிச்சேரி, பட்டாபிராம், ஆவடி என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஏறும் ஆளைத் தெரியும். பெண்ணுக்கு வரன் பார்ப்பதிலிருந்து சொசைட்டி லோன் வரை பெட்டியிலேயே பேசி முடியும். இப்போது எல்லோர் காதிலும் இயர்போன். இதற்காகப் புலம்ப எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பேச்சில் ஒதுங்கி நின்றவர்களும் இருந்தார்கள். சீட்டாட்டக் கூட்டத்தில் எல்லோரும் கிண்டல் செய்து சிரித்த ஒருவர், ஒருநாள் பெட்டி மாறி ஏறத் தொடங்கினார். ஏன் என்று நாங்கள் ஒருவரும் போய்க் கேட்கவில்லை. அவ்வளவு பேசினோம், அதைக் கேட்கவில்லை.

கேட்பது என்ற சொல்லைத் தமிழ் ஒரு விசேஷமாக வைத்திருக்கிறது. வாயால் கேட்பதும் கேட்பதுதான், காதால் கேட்பதும் கேட்பதுதான். வள்ளுவர் கேள்வி என்ற அதிகாரத்தை 42-ஆவதாகவும் சொல்வன்மையை 65-ஆவதாகவும் வைத்தார். எங்கள் ஊர் பூசலார் நாயனார் கதையும் ஒரு கேள்வியில்தான் திரும்புகிறது. கையில் காசில்லாத பூசலார் சிவனுக்கு மனத்துக்குள்ளேயே கல் அடுக்கி, சுதை பூசி, கோயில் கட்டிக் குடமுழுக்குக்கு நாள் குறித்தார். காஞ்சியில் கல்லால் கோயில் எழுப்பிய காடவர் கோனும் அதே நாளைக் குறித்திருந்தான். உன் நாளைத் தள்ளி வை, நின்றவூரில் பூசல் கட்டிய கோயிலுக்கு அன்று போக வேண்டும் என்று கனவில் இறைவன் சொன்னதாகப் பெரியபுராணம் சொல்கிறது. மன்னன் ஊருக்கு வந்து விசாரித்தான். அப்படி ஒரு கோயிலே இங்கில்லை என்றார்கள் ஊரார். ஊரில் ஒருவருக்கும் தெரியாது, ஏனென்றால் ஊரில் ஒருவரும் பூசலாரைக் கேட்டதில்லை. மன்னன் ஆளனுப்பிக் கூட்டிவரச் சொல்லவில்லை, தானே தேடிப் போய் வணங்கிக் கேட்டான். அப்போதுதான் கோயில் வெளியே தெரிந்தது. இப்போது அந்த இருதயாலீஸ்வரர் கோயிலில் திங்கட்கிழமைகளில் நெஞ்சு நோய்க்காரர்கள் கூட்டம். அப்பாவை 2008-இல் நெஞ்சுவலி வந்த பிறகு நான்தான் அங்கே அழைத்துப் போனேன். பிராகாரத்தைச் சுற்றும்போது அவர் ஏதோ சொல்ல வந்து நிறுத்தினார். நான் "என்னப்பா?" என்று கேட்டிருக்க வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்தினேன். அடுத்த வருஷம் அவர் போய்விட்டார்.

கேட்பதையே தொழிலாகச் செய்பவர்களை நான் பார்த்தது என் அக்கா மகள் விஷயத்தில். முன்பெல்லாம் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் பஞ்சாயத்து. ஆலமரமோ, யாராவது ஒரு பெரிய மனிதரின் திண்ணையோ. பெரியவர்கள் நல்லவர்களாகவே இருந்தாலும், அவர்கள் பெண்ணைப் பார்த்துப் பேச மாட்டார்கள், பெண்ணின் அப்பாவைப் பார்த்துத்தான் பேசுவார்கள். "புத்தி சொல்லி அனுப்பி வைங்க." முடிந்தது. அதே வீடு, அதே அடி.

அக்கா மகளின் வழக்கு குடும்ப நீதிமன்றத்துக்குப் போனது, அங்கிருந்து சமரச மையத்துக்கு அனுப்பினார்கள். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005 ஏப்ரல் 9 அன்று தொடங்கியதுதான் தமிழ்நாட்டின் சமரச மையம். நீதிமன்றத்தோடு இணைந்து நடக்கும் மையம் என்ற வகையில் இந்தியாவிலேயே முதலாவது. பிறகு மாவட்டங்களுக்கும் பரவியது, 2023-இல் சமரசத்துக்கென்று நாடாளுமன்றமே தனிச் சட்டம் கொண்டுவந்தது. அங்கே இருப்பவர் தீர்ப்புச் சொல்வதில்லை. யார் பக்கம் நியாயம் என்று கையைக் காட்டுவதில்லை. இருவரையும் சேர்த்து வைத்தும் பேசுவார், தேவைப்பட்டால் ஒவ்வொருவரையும் தனியாகவும் கேட்பார். அங்கே பேசியதைக் கொண்டுபோய் வழக்கில் சாட்சியாக வைக்க முடியாது. ஒத்துவரவில்லை என்றால், ஒத்துவரவில்லை என்பது மட்டும்தான் நீதிபதிக்குப் போகும்.

உள்ளே நடந்ததை எல்லாம் அவள் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு விஷயம் மட்டும் சொன்னாள். உட்கார்ந்ததும் சமரசம் செய்ய இருந்த அம்மா முதலில் கேட்டது, "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்மா?" என்று. கல்யாணமாகி நான்கு வருஷத்தில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி. புகுந்த வீட்டில் அவளுக்கு 'ஏ பொண்ணு' என்று பெயர். இன்னொன்று, புருஷன் பேசும்போது அவள் குறுக்கிட்டாள். "அவர் முடிக்கட்டும், உங்களுக்கும் இதே அளவு நேரம் இருக்கு" என்றார்களாம். தன் முறை நிச்சயம் வரும் என்று தெரிந்ததும் அவளால் கேட்க முடிந்தது. அவன் சொன்னதில் பாதி அவளுக்கு அன்றுதான் தெரியும். வேலை போனதை எட்டு மாதம் மறைத்திருக்கிறான். காலையில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பி, சாயங்காலம்வரை எங்கெங்கோ உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறான். அவர்கள் சேர்ந்தார்களா என்று கேட்பீர்கள். இல்லை. பிரிந்தார்கள். ஆனால் குழந்தையை ஞாயிற்றுக்கிழமை விட வரும்போது அவன் வாசலில் நின்று "நல்லாருக்கியா?" என்று அவள் பெயரைச் சொல்லிக் கேட்கிறான், அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறாள். பஞ்சாயத்து சேர்த்து வைத்த எத்தனையோ வீடுகளில் நான் பார்க்காதது அது.

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். என்னை ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போது அப்பா வாத்தியாரிடம் சொன்னது, "கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிருங்க சார்." எல்லா அப்பாக்களும் சொன்னது அது. அதற்குமேல் பெற்றோருக்கும் பள்ளிக்கும் பேச்சில்லை. கல்வி உரிமைச் சட்டம் வந்த பிறகு அரசுப் பள்ளிகளில் மேலாண்மைக் குழு என்று ஒன்று, நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022-இல் அதை எல்லாப் பள்ளிகளிலும் புதுப்பித்தார்கள். ஒரு கூட்டத்தைப் பார்க்கப் போயிருந்தேன். சித்தாள் வேலைக்குப் போகும் ஒரு தாய், "டீச்சர், என் பையன் வீட்ல நல்லா பேசுவான், இங்க ஏன் பேச மாட்டேங்கிறான்?" என்று கேட்டார். குற்றம் சாட்டிய மாதிரி இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார். டீச்சர் உடனே பதில் சொல்லாமல் யோசித்தது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

ஊருக்கும் ஆட்சிக்கும் நடந்த பேச்சு நீண்ட காலம் சாலை மறியல்தான். கிராம ஊராட்சிகளுக்கு கிராம சபை உண்டு, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலான நாட்களில் கூடும், யாரும் எழுந்து கேட்கலாம். திருநின்றவூர் பேரூராட்சியாக இருந்தது, எங்களுக்கு அது கிடையாது. ஏரி நிரம்பித் தெருவில் தண்ணீர் நின்றால் சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையில் போய் உட்காருவோம். போலீஸ் வரும், பின்னால் அதிகாரி வருவார், அவர் வருவதற்குள் இரு பக்கமும் குரல் போயிருக்கும். 2021-இல் ஊர் நகராட்சியானது. அடுத்த வருஷம் நகரங்களுக்கும் வார்டு குழு, பகுதி சபை என்று விதிகள் வந்து, 2022 நவம்பர் 1 உள்ளாட்சி நாளில் தமிழ்நாட்டின் நகரங்களில் சபைகள் கூடத் தொடங்கின.

அப்படி ஒரு கூட்டத்தில், எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை, மழைநீர்க் கால்வாய் பற்றிப் பேச்சு வந்தது. இளைஞர்கள் சிலர் கொதித்துப்போய் இருந்தார்கள், அவர்கள் கோபம் நியாயம். என்ஜினீயர் கோப்பை விரித்து வைத்துக்கொண்டு எண்களாகச் சொன்னார், ஒருவருக்கும் காதில் ஏறவில்லை. ஒரு அம்மா எழுந்தார். "தம்பி, நான் திட்ட வரல. போன மழைக்கு எங்க வீட்ல தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சுன்னு சுவத்துல கோடு போட்டு வச்சிருக்கேன். கூட்டம் முடிஞ்சதும் வந்து பாத்துட்டுப் போறீங்களா?" அவ்வளவுதான் பேசினார். என்ஜினீயர் கோப்பை மூடினார். போய்ப் பார்த்தார். சுவரில் கரிக்கோடு, இடுப்புயரம். பக்கத்தில் பிள்ளை கையெழுத்தில் தேதி. கால்வாய் வேலை அதற்குப் பிறகும் இழுத்துக்கொண்டுதான் போனது. ஆனால் எந்த இடத்தில் அடைப்பு, யார் ஆக்கிரமிப்பு, எந்தத் துறை தடுக்கிறது என்று அவர் அந்தத் தெருவுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லத் தொடங்கியது அன்றைக்கு. மறியலுக்கு நான் எதிரி அல்ல, அதனால்தான் எங்களுக்கு ரோடும் விளக்கும் வந்தன. அந்த அம்மா செய்தது வேறு வேலை.

இப்போது என் வீடு. என் மகள் என்னை "நீ" என்கிறாள். "அப்பா, நீ சாப்டியா?" என் அப்பாவை நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. எனக்கு அந்த 'நீ' இனிக்கிறது. பெங்களூரில் வேலை. பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில்தான். இரண்டு வருஷம் முன்பு, வேலையை விட்டுவிட்டு மேலே படிக்கப் போவதாக நீளமாக எழுதியிருந்தாள். நான் "சரி" என்று ஒரு சொல் அனுப்பினேன். சம்மதம் என்றுதான் நினைத்து எழுதினேன். அவளுக்கு அது கதவைச் சாத்தின மாதிரி இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு நான் அனுப்பியதெல்லாம் நீல டிக்கோடு நின்றன. பதில் இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் அம்மாவிடம், "அவளக் கேளு, என்ன கோபம்னு" என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு 1981 ஆடி மாதம் நினைவு வந்தது.

அன்று ராத்திரியே பஸ் ஏறினேன். விடிகாலையில் அவள் அறைக் கதவைத் தட்டி, அவளுடைய முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். "நான் சரின்னு சொன்னத நீ எப்படிப் புரிஞ்சுக்கிட்ட?" என்று கேட்டேன். அவள் ஒரு மணி நேரம் பேசினாள். நடுவில் மூன்று தடவை எனக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்தது. டீ டம்ளரை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். சூடு தெரியவில்லை, ஆறிப்போயிருந்தது.

பொங்கலுக்கு அவள் வந்திருந்தபோது பாட்டியிடம் இந்தக் கதையைச் சொன்னாள். அம்மாவுக்கு இப்போது எழுபத்தாறு. இன்னமும் அப்பா பெயரைச் சொல்வதில்லை. முதியோர் பென்ஷன் படிவத்தில்கூட என்னைத்தான் எழுதச் சொன்னாள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பதினோரு நாள் எப்படி பாட்டி முடிஞ்சுது?" என்று கேட்டாள் மகள். நாற்பது வருஷத்துக்குமேல் நான் கேட்காத கேள்வி. என் தூதில்தான் முடிந்தது என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"உங்கப்பன் தூங்கிட்டான்" என்றாள் அம்மா. "நான் அடுப்ப மெழுவிக்கிட்டு இருந்தேன். உங்க தாத்தா அடுப்பங்கரைக்கு வந்து நின்னாரு. அவரு அங்கெல்லாம் வந்ததே இல்ல, தலை எரவாணத்துல இடிச்சுது. அப்புறம் என் பேரச் சொன்னாரு."

"சொல்லிட்டு?"

"சொல்லிட்டு நின்னாரு. நான் கையக் கழுவிட்டு மணைய எடுத்துப் போட்டேன்."